பதினோரு பேருக்கு மட்டும்

9 ஜனவரி 2010, சனி

காலையிலிருந்து பனி. துணி காயவில்லை. வேலைகள்: காஸ் பதிவு, ஜெனிக்கு சாக்ஸ், வாடகைப் பத்திரம் புதுப்பிக்க மாமியிடம் கையெழுத்து.

கையெழுத்து கிடைக்கவில்லை. வீட்டுக்கார மாமி கீழ்வீட்டுக் கதவைப் பாதி திறந்தபடி நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. இங்கே ஹப்சிகுடா வந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"இந்தத் தடவை நக்கோம்மா, வேண்டாம். மார்ச்சோட வேற வீடு பாத்துக்கோங்கோ."

"ஏன் மாமி?"

"உன் கம்ப்யூட்டரைக் கேளு. பத்மா அமெரிக்காலேந்து போன்ல படிச்சுக் காட்டினா." பத்மா அவர் மகள். கதவு சாத்தியாயிற்று.

கேட்டேன். போன வருடம் இணையதளத்தில் போட்ட சீலா மீன் குழம்புப் படம். தம்பி தூத்துக்குடியிலிருந்து தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு ரயிலில் கொண்டுவந்த சீலா. 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு போட்ட வீடு இது. "சைவந்தான்" என்று தலையாட்டிக் குடி வந்தவர்கள் நாங்கள். அதனால் ஜன்னலெல்லாம் சாத்தி, ஊதுபத்தி கொளுத்திச் சமைத்தேன். படத்தின் கீழே என் திருவாக்கு: "வீட்டுக்கார மாமிக்கு மூக்கடைப்பு, நமக்கு விருந்து."

ஊரில் சித்தி, பெரியம்மா பிள்ளைகள் பதினோரு பேருக்கு மட்டும் போட்டது. இன்று பார்த்தால் 'எல்லோருக்கும்' என்று இருக்கிறது. நான் மாற்றவில்லை. சத்தியமாக மாற்றவில்லை.

10 ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

கண்டுபிடித்தேன். டிசம்பரில் ஒரு நாள் அந்தத் தளத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்தது. புதிய கொள்கையாம், உங்கள் தகவல் இனி உங்கள் கையிலாம். பழையபடி இருக்கட்டுமா, எல்லோருக்கும் காட்டலாமா என்று கேள்வி. 'எல்லோருக்கும்' என்பதில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வாசலில் ஆபீஸ் கேப் ஹாரன். அமுக்கிவிட்டு ஓடினேன்.

இன்று முழுக் கொள்கையையும் படித்தேன். ஒரு காலைப்பொழுது போயிற்று. எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்களாம். நான் தொடர்ந்து உபயோகித்தால் அதுவே சம்மதமாம். குடியிருக்கும்போதே கதவைக் கழற்றிக்கொண்டு போகிற வீட்டுக்காரன். அடப் பாவிகளா.

அந்தோணி: "படிக்காம அமுக்குனது நீதான?"

"நீங்க வாடகைப் பத்திரத்தப் படிச்சியளா?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். புருஷனும் ஆயிற்று, பொறுப்பும் ஆயிற்று.

11 திங்கள்

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

ஆபீஸில் இன்று நான் சோதிக்க வேண்டிய சாஃப்ட்வேர்: பதிவுப் பக்கம். 'விதிமுறைகளைத் திறக்காமலே சம்மதம் அமுக்கினால் அடுத்த பக்கம் போக வேண்டும்.' போயிற்று. பாஸ். எரிச்சலில் குறிப்பில் எழுதினேன்: யாரும் படிக்க மாட்டார்கள். டீம் லீட் அதை அழிக்கச் சொன்னான். க்ளையன்ட் கேட்பதே அதைத்தானாம். அழித்தேன்.

ஜெனியை தார்நாகாவில் ஒரு க்ரெஷ்ஷில் சேர்த்தாயிற்று. இத்தனை நாள் பள்ளி விட்டதும் மாமி வீடுதான். தயிர்சாதம், ஆவக்காய் ஊறுகாய், வீட்டுப்பாடம், நான் வரும்வரை. கேப் வந்து சேர ஏழாகும். மாமி இல்லாமல் நான் எந்த வேலைக்குப் போயிருப்பேன்?

"மாமி இன்டிக்கி எந்துக்கு வெள்ளொத்து?" என்று ஜெனி தெலுங்கில் கேட்டாள். மாமி வீட்டுக்கு ஏன் போகக் கூடாது. பல் தேய்க்கச் சொன்னேன்.

12 செவ்வாய்

படத்தை நீக்கினேன். என்ன பிரயோஜனம், பத்மா எடுத்து வைத்துக்கொண்டாளாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியாயிற்று.

மனசு கேட்காமல் கீழே போனேன். இந்தத் தடவை கதவு முழுதாகத் திறந்தது.

"மன்னிச்சிருங்க மாமி. எல்லாரும் பாக்கணும்னு நான் போடல."

"பதினோரு பேர் மட்டும் சிரிச்சா பரவால்லையா?"

படியேறத் திரும்பினேன்.

"மீன் வாசனை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு வருஷமா மூக்கை மூடிண்டு கம்முனு இருந்தேன். கைக்கு? ஏன் சொல்லு? அந்தக் கொழந்தைக்காக. இப்போ பத்மாக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், சம்பந்தி ஆத்துல தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் நான் எப்படிடி தெரியாதவளா இருக்கறது?"

மேலே வந்து அழுதேன். முதலில் அந்தக் கம்பெனி மேல் ஆத்திரம். பிறகு என் மேல். மூக்கடைப்பாம். எவ்வளவு கொழுப்பு எனக்கு.

13 புதன்

வீடு: லாலாகுடா, இரண்டு அறை, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அல்வால், தூரம். புரோக்கர் கேட்பதற்கு முன்பே "நாங்க மீன் சாப்பிடுவோம்" என்றேன். அவன் பயந்துவிட்டான்.

தளத்துக்குப் போட்ட புகாருக்குப் பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். கணக்கை மூடப் போனால் தங்கச்சி படத்தைக் காட்டி, நீங்கள் இல்லாமல் இவர் வருந்துவார் என்கிறது. அவளிடம் போன் இருக்கிறது. மூடினேன். மனம் மாறினால் திரும்பி வரலாமாம், எல்லாம் அப்படியே இருக்குமாம். அதுதானே பயமே.

18 திங்கள்

சங்கராந்தி லீவு முடிந்து பள்ளி. மாவு தீர்ந்தது.

மீட்டிங் நடுவில் க்ரெஷ்ஷிலிருந்து போன். ஜெனி ஒரு மணி நேரம் தாமதம், இப்போதுதான் வந்தாளாம். உயிரே போய்த் திரும்பியது.

வீட்டில் விசாரணை. ஆட்டோ லேட் என்றாள். காலரில் சிவப்பாய் எண்ணெய்க் கறை, கடுகு வாசனை. க்ரெஷ்ஷில் பிஸ்கட்தான் தருவார்கள்.

"என்னட்டி சாப்பிட்ட?"

"ஏமி லேது." ஒன்றுமில்லையாம். பார்வை சுவரில்.

குப்பை போட இறங்கினேன். மாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னிக்கு ஆட்டோ லேட்டாமே," என்றார்.

"ஆமா மாமி. லேட்டுதான்."

மேலே வந்து, அந்தோணி பார்ப்பதற்குள் சட்டையைத் தனியாக ஊற வைத்தேன்.