கூடாரம் தைத்த கையில் கத்தரிக்கோல்

முத்தாபுதுப்பேட்டை
பங்குனி மாதம், 1946

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அப்பா பரந்தாமன் எழுதிக்கொள்வது. பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த ஜாம்ஷெட்பூர் அனலில் வாடாமல் நலமாக இருக்கிறீர்கள் என்ற சேதி கேட்க இரண்டு பேரும் காத்திருக்கிறோம். உன் கடுதாசிக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே அம்மா, இங்கே ஒரு காரியம் ஆகுமா ஆகாதா என்று இழுத்துக்கொண்டே இருந்தது, ஆன பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். நல்லபடியாக ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் காலையிலேயே உட்கார்ந்தேன்.

யுத்தத்துக்காக நம் நிலத்தை முகாமுக்கு எடுத்துக்கொண்ட பிறகு நான் அங்கேயே மூட்டை தூக்கப் போனதும், உன் அம்மா கூடாரம் தைக்கிற கொட்டகையில் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். நாற்றும் களையும் தவிர வேறு தெரியாதவள் நாற்பது வயதுக்கு மேல் மெஷினைத் தொட்டாள். தொட்ட வாரமே ஊசி விரலில் ஏறிவிட்டது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று அழுதாள். மறுநாள் காலையில் அங்கே தையல் சொல்லிக்கொடுக்கிற பூந்தமல்லி ராபியா நம் வீட்டுக்கே வந்து, "எனக்கும் ஏறிகீது அக்கா, வெரலு தானா ஆறிடும், நீ ஊட்ல குந்திகினா பயம் ஆறாது, வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன செய்து தீர்ப்பது. நாலு மாதத்தில் அம்மா புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

யுத்தம் முடிந்ததும் கொட்டகையை மூடப் போவதாகப் பேச்சு வந்தது. திரும்பி வருகிற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்வதாகவும் மெஷின்களை அதற்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அதைப் பார்வையிடப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார், நானும் மூட்டையோடு அங்கேதான் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, சாந்தமாகத்தான் பேசினார். நீங்கள் எல்லாரும் நன்றாக உழைத்தீர்கள், இனிமேல் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம், இந்த வயதில் தொழில் படித்து என்ன ஆகப்போகிறது என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் அம்மாதான் எழுந்து நின்றாள். "நெலம் இருந்தா ஊட்டப் பாத்துகினு இருப்போம் சாமி, அது மேலதான் உங்க கொட்டாயி நிக்குது" என்றாள். அதோடு விடவில்லை. "கிழிஞ்சத நேரா தெக்கத்தான் சொல்லிக் குடுத்தீங்கோ. கூடாரம் இல்லாத ஊர்ல அது இன்னாத்துக்கு ஆவும்? துணி வெட்ட கத்துக் குடுங்க சாமி, அப்பறம் நாங்க யாரையும் கேட்டுகினு வரமாட்டோம்" என்றாள். வெட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா என்று அவர் கேட்டார். ராபியா முன்னால் வந்து, தன் வாப்பாவின் தையல் கடையில் சிறு வயதிலிருந்தே துணி வெட்டிப் பழகியதைச் சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். தை போய் மாசியும் வந்தது. அம்மா பழைய தினசரிக் காகிதத்தை விரித்து ரவிக்கை அளவுக்கு வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ராபியா ஓட்டமாக வந்து உத்தரவு வந்த சேதி சொன்னாள். சிப்பாய்களோடு கூடப் பெண்களும் வெட்டும் தொழில் படிக்கலாமாம். ஆனால் படிக்கிற காலத்தில் ஆண்களுக்கு மட்டும் சாப்பாட்டுச் செலவுக்குப் படிப்பணம் உண்டு, பெண்களுக்குக் கிடையாது. அது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான், படிக்கிறவர் வயிறு ஒன்றுதானே, வரப்போகிற நம் சர்க்காராவது இதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் அந்த அதிகாரி ஒரு குடியானவச்சி சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டு போனாரே, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, கோயிலில் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

வகுப்பில் அம்மா முதலில் எனக்குத்தான் சட்டை வெட்டினாள். இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். ஒரு கையை மாட்டினால் மற்றது முதுகுக்குப் போகிறது. பர்மா சண்டையிலிருந்து வந்த ஆட்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டுப் பிரித்துத் தைத்தாள். இப்போது கை சுத்தமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் ராபியாவும் அவளும் சேர்ந்து பூந்தமல்லி ரோட்டில் ஒரு அறை எடுத்துத் தைக்கப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் குப்பம்மா தன் பெண் கல்யாணத்து ரவிக்கை எல்லாவற்றையும் இவர்களிடமே சொல்லிவிட்டாள். நான் சமையல் கற்றுக்கொண்டேன். குழம்பு வாயில் வைக்கும்படி இருக்கிறது, ரசம்தான் இன்னும் பிடிபடவில்லை.

நிலம் போனபோது இனி நமக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று உன் அம்மா காட்டிவிட்டாள், இந்த வயதில் எனக்கு இது பெரிய கொடுப்பினை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பெண்களைப் பழக்குகிறார்கள், சேர ஆசைதான், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு சின்னப் பெண்களோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் நல்ல வார்த்தையாக நாலு புத்தி சொல்லலாம் என்று நினைத்து, என்ன எழுதட்டும் என்று நேற்று வகுப்புக்கே போய் அம்மாவைக் கேட்டேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னாத்துக்கு நம்மள கேட்டுகினு கீறா, போயி சேரச் சொல்லு" என்றாள். அதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

குழந்தைகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, குடும்பத்தோடு நிறைவாக இருக்க எங்கள் மனப்பூர்வமான ஆசீர்வாதம். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி கார்டாவது போடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பரந்தாமன்