ஆணிக் கீறல் போட்ட டம்ளர்

சார்,

இன்று காலை பரணிலிருந்த பாத்திரங்களை இறக்கியபோது அந்த எவர்சில்வர் டம்ளர் கையில் அகப்பட்டது. அடியில் ஆணியால் இழுத்த கீறல். புளி போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, கீறல் போகவில்லை.

உடுமலைப் பள்ளியில் நான் கணக்கு, நீங்கள் ஆங்கிலம். பல வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் கட்டோடு எங்கள் தோட்டத்துக்கு வருவீர்கள். தென்னைக்கடியில் நாற்காலி போடுவேன். வீட்டுக்குள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. உங்கள் அப்பா எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர் என்பது என் அம்மாவுக்குத் தெரியும். காப்பி இரண்டு டம்ளரில் வரும். கீறல் போட்டது உங்களுக்கு. குடித்ததும் நீங்களே குழாயடியில் கழுவி, மதில்மேல் கவிழ்த்து வைப்பீர்கள். நான் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினீர்கள்.

"லத்தீன்ல 'ஹோஸ்பெஸ்'னு ஒரு சொல்லுங்க சார். விருந்துக்கு வந்தவனுக்கும் அதே பேரு, சோறு போடறவனுக்கும் அதே பேரு. அதுல இருந்து வந்ததைத்தான் பிரெஞ்சுக்காரன் 'ஓத்'ங்கறான், இத்தாலிக்காரன் 'ஓஸ்பிதே'ங்கறான். இன்னைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க."

"அப்ப ஆரு ஆருக்குச் சோறு போடறதுன்னு எப்படிங்க தெரியும்?"

"இலை ஆரு முன்னால கெடக்குதுன்னு பாருங்க" என்று சிரித்தீர்கள். "அதே வேர்ல 'ஹோஸ்டிஸ்'னு இன்னொண்ணு. மொதல்ல வெளியாளுன்னு அர்த்தம். போகப் போக எதிரின்னு ஆயிருச்சு. இங்கிலீஷ்ல விருந்தாளியைச் சொல்ற 'கெஸ்ட்'டும் அதுக்குச் சொந்தந்தானுங்க."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனீர்கள்.

வகுப்பில் எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவன் நான். அன்று உதாரணம் கண்ணெதிரே நடந்து போயிற்று. கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டு, கோவையில் படுத்திருந்தீர்கள். பார்க்க வந்தேன். உங்கள் வீட்டம்மா பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றினார். இருந்தது ஒரே டம்ளர். "மொதல்ல சாருக்குக் குடு அம்மணி" என்றீர்கள். குடித்தேன். "ஆஸ்பத்திரியும் அந்தக் குடும்பத்துச் சொல்லுதானுங்க. வந்தவனைத் தங்க வெச்ச எடம்" என்றீர்கள். வீங்கிய முகத்தில் அப்போதும் சொற்களின் மேலிருந்த அந்த ஆசை போகவில்லை.

"சீக்கிரம் நல்லாயிட்டு ஊட்டுக்கு வாங்க சார். உள்ள உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றேன்.

"எந்த டம்ளருங்க சார்?"

குரலில் கோபமில்லை. பையனுக்குப் பதில் தெரியும், சொல்லட்டும் என்று காத்திருக்கும் வாத்தியாரின் பொறுமைதான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று எழுந்துகொண்டேன். நான்காம் நாள் செய்தி வந்தது.

இப்போது அம்மாவும் இல்லை. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் டம்ளர் மாறிவிடக் கூடாது என்று அம்மா கவலைப்பட்டபோது, ஆணியைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

தேய்த்த டம்ளரைச் சமையலறை அலமாரியில் மற்றவற்றோடு கலந்து கவிழ்த்து வைத்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. இனி எது எதென்று தெரியக் கூடாது என்று நினைத்தேன். மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினேன். பார்க்காமலேயே விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது, சார்.