மூலைக் கடையை விட்டுக்கொடுத்த நாள்

அண்ணே,

இந்த வாரம் நம் வரிசை வீடுகளின் முன்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். காலையில் மாடி ஜன்னலைத் திறந்ததும் அந்த ஈர வாடை முகத்தில் அடித்தது. சாரத்தில் நின்ற ஆளிடம், சிமெண்டு கலக்காமல்தானே பூசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது நீங்கள் எப்போதும் கேட்கும் கேள்வி என்று உறைத்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் இந்தச் சந்தில் ஆறு வீடுகள், ஒரே நீளக் கூரை. மூலை வீட்டில் உங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கந்தூரி அழைப்பு எல்லாம் அங்கேதான் அச்சாகும். மற்ற ஐந்து வீடுகளின் மாடிகளில் நாங்கள் ஐந்து குடும்பம். வரிசையை வாங்கிய புது உரிமையாளர், முன்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்து ஹோட்டல் கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், எதிர்ப்பு மனுவை அச்சடித்துக்கொண்டு படியேறி வந்தீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அப்போது எனக்குப் பாலம் தாண்டிப் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. முந்தின நாள் மழையில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் நனைந்து, அவற்றைக் கொடியில் காயப்போட்டிருந்தேன்.

"பழைய வீடு அழகுன்னு சொல்றவங்க தெருவுல நின்னு பாக்குறவங்க, அண்ணே. ஒழுகுறது எங்க தலையில லா" என்றேன்.

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒழுகுகிறது, காட்டு என்றீர்கள். அப்புறம் மற்ற நான்கு மாடிகளுக்கும் ஏறி இதையே கேட்டீர்கள். மூன்றாம் நாள் வேறொரு மனுவோடு வந்தீர்கள். ஓடு, தூண், நடுமுற்றம் பற்றியெல்லாம் அதில் கடைசியில்தான் இருந்தது. முதல் பக்கம் முழுக்க யார் எந்த மாடியில் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த அறை ஒழுகுகிறது என்பதுதான். அதில் கையெழுத்துப் போட்டேன்.

மாநகர் மன்ற விசாரணையில் நீங்கள் பேசுவதாக ஏற்பாடு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தீர்கள். தான் கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன், குடியிருப்பவர்கள் இவர்கள் என்று மலாயில் சொல்லி, என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். எழுந்து நின்று, தொழிற்சாலையில் பழகிய மலாயில் அந்த நனைந்த புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். வெளியே வந்ததும் நீங்கள் வாங்கிக் கொடுத்த நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயைக் குடிக்க முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இடிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் யாரைக் குடிவைப்பது என்பது உரிமையாளர் கையில்தான் இருந்தது. மாடிக் குடும்பங்கள் இருக்கட்டும், கூரையையும் சரிசெய்கிறேன், காப்பிக் கடை வைக்க மூலைக் கடை மட்டும் வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். உங்கள் அச்சகத்தில் கூடினோம். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த நீங்களே பேசினீர்கள்.

"கடைய எங்க வேணும்னாலும் போட்டுக்கலாம் லா. பிள்ளைங்க பள்ளிக்கூடத்தத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

அச்சு இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் போனீர்கள். அங்கே இரண்டு முறை வந்து பார்த்தேன். பழைய வாடிக்கையாளர்கள் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் வரவில்லை. நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது கூரை எப்படி இருக்கிறது என்றுதான் இரண்டு முறையும் கேட்டீர்கள்.

அண்ணே, உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்று நீங்கள் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. போகாதீர்கள், இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று எங்கள் ஐந்து குடும்பத்தில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாய் வரை வந்தது. என் வீடும் போய்விடுமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். இன்று சுற்றுலா வருகிறவர்களிடம் இந்த வரிசையைக் காட்டி, குடியிருப்பவர்களே போராடிக் காப்பாற்றியது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் மாடி ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கீழ்க்கடையில் இருக்கும் தையல்காரர் எழுந்து, தான் காலி செய்துவிடுவதாகவும் மற்றவர்கள் இருக்கட்டும் என்றும் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"உக்காருங்கண்ணே. நாங்க இன்னும் பேசி முடிக்கல" என்றேன்.