அம்மனுக்கு நேர்ந்த கோழிகளுக்கும் ஊசி போடக் கோருவது

அனுப்புநர்:
செங்கேணி, க/பெ. முனியன்,
ஓடைத்தாங்கல் கிராமம், சாலவாக்கம் வழி,
செங்கல்பட்டு ஜில்லா.

பெறுநர்:
கமிஷனர் அவர்கள்,
பஞ்சாயத்து யூனியன் அலுவலகம்,
உத்திரமேரூர்.

பொருள்: கோழிக் கழிச்சல் வருமுன் தடுப்பு ஊசி போட, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரை மறுபடியும் எங்கள் ஊருக்கு அனுப்பக் கோருவது சம்பந்தமாக.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் விவசாயக் கூலி. வெள்ளாடும் நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன். தை அறுப்பு வரை வயலில் எங்களுக்கு வேலை இல்லை. இந்த மார்கழியில் முட்டை விற்றுத்தான் வீட்டுக்கு அரிசி வருகிறது. நிறைசினையாய் இருக்கும் ஆட்டுக்குப் பிண்ணாக்கும் அதில்தான். குளிருக்கு ஆட்டின் மேல் சாக்குக் கட்டிவிடுகிறேன். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைச் சுற்றி வைக்கோல் அடைக்கிறேன். குளிரை நானே பார்த்துக்கொள்வேன் ஐயா. கழிச்சலுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.

2. சென்ற செவ்வாயன்று தங்கள் கம்பவுண்டர் சைக்கிளில் மருந்தோடு வந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பொன்னியம்மனுக்குக் கோழி நேர்ந்துவிட்டிருக்கிறது. நேர்ந்த கோழியின் உடம்பில் கீறல் படக்கூடாது என்பது வழக்கம். ஊசி இறக்கையில் குத்தப்படும் என்று கேள்விப்பட்டதும், நேர்ந்தது நேராதது எல்லாவற்றையும் சேர்த்து ஒளித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் தன் சேவலை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். அது உள்ளிருந்து கூவியது வேறு விஷயம்.

3. நான் ஒருத்திதான் பஞ்சாரத்தோடு வாசலில் நின்றேன். கலக்கிய மருந்தை அன்றே தீர்க்க வேண்டுமாம், என் ஒருத்தி கோழிக்காகப் புட்டியை உடைக்க அனுமதி இல்லையாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த ஊரார் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இதுதான் என் மனக்குறை.

4. இப்போது ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கோழிகள் வெள்ளையாய்க் கழிந்து, கழுத்து திருகிச் சாகின்றன. அதைக் கேட்டதும் நேரே பூசாரி சடையப்பனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கோளி உசுரோட கீதான்னுதான் அம்மா பார்ப்பா, ஊசி குத்துன எடத்தையா பார்த்துக்கினு இருப்பா?" என்று ஊர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டார். தாம் நேர்ந்த சேவலுக்கே முதல் ஊசி என்றும் வாக்குக் கொடுத்தார். அதன்பின் ஒருவரும் மறுக்கவில்லை. கோவிந்தம்மாள்தான் இப்போது ஊசி போட்டே ஆகவேண்டும் என்று எல்லாரையும் விரட்டுகிறாள்.

5. ஒரு வேண்டுகோள். கம்பவுண்டர் காலையிலேயே வரவேண்டும். பனிப்புல் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பும் என்பதால், வெயில் ஏறும் வரை யாரும் மேய்ச்சலுக்குப் போவதில்லை. எல்லாரும் வீட்டில் இருப்போம், கோழியும் பஞ்சாரத்துக்குள் இருக்கும். திறந்துவிட்ட பின் வந்தால் அவரும் எங்களோடு வரப்பில் ஓட வேண்டியிருக்கும். முதல் நாளே வந்து தங்கினாலும் சரி, பூசாரி வீட்டில் நாஷ்டாவும் காப்பியும் உண்டு.

6. வியாதி வந்த கோழிக்கு இந்த ஊசி உதவாது என்று கம்பவுண்டரே சொல்லியிருக்கிறார். ஆகையால் ஐயா அவர்கள் எங்கள் ஊரைத் தள்ளிவிடாமல், இந்த வாரமே அவரை அனுப்ப உத்தரவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை வரை எங்கள் ஊரில் எல்லாச் சேவலும் கூவின.

இடம்: ஓடைத்தாங்கல்
தேதி: 21-12-1962

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
செங்கேணி (இடது பெருவிரல் ரேகை)

ஊர் சம்மதத்துக்குச் சாட்சி: பூசாரி சடையப்பன் (கையொப்பம்)