ஜன்னலுக்கும் இத்தாவா

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. களப்புப் பக்க ஜன்னலில் ஆணி அடித்துக் கட்டிய போர்வை மறுபடி கழன்றது. மகன் ரிஸ்வான் மறுபடி அடித்தான். சுவரில் ஓட்டை கூடியதுதான் மிச்சம்.

அவர், என் வீட்டுக்காரர், மௌத்தானது போன மாதம். நான் இத்தாவில், விதவைக்கு விதித்த நாலு மாதம் பத்து நாளும் இந்த அறைக்குள். அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது, அதற்காக இரண்டு ஜன்னலுக்கும் கறுப்புப் போர்வை. மறைக்க வேண்டியதை மறைக்கட்டும். நடுப்பகலில் பல்ப் போட்டுக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது? இத்தா முடியும் மட்டும் இந்த இருட்டா?

பின்னேரம் ஹலீமா மதினி. அவருடைய மூத்த சகோதரி. அடுத்த வளவு.

“போர்வ சரிவராது புள்ள. மேல கூரையில இருந்து நிலம் மட்டும் நல்ல தடிச்ச கர்ட்டன் போடணும். அந்தப் பூப்பலகையும் மூடுபடணும்.”

“பூப்பலகை என்ன செஞ்சிச்சு?”

“இத்தாவில இரிக்கிறவட அறையில அலங்காரம் ஆகாது.”

“இத்தா எனக்கா மதினி, ஜன்னலுக்கா?”

மருமகள் ஃபஸ்னா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடினாள். ரிஸ்வான் வழக்கம்போல, “மாமி சொன்னாச் சரிதானே உம்மா.” என்னை யாரும் கேட்கவில்லை. என் அறை. என் ஜன்னல்.

பூப்பலகை: ஜன்னல் கதவுகளுக்கு மேலே, ஒரு முழ உயரம். கொடி, மாதுளம்பூ, இடையிடையே துளைகள். கற்பிட்டியில் பழைய வீடு ஒன்றை உடைத்தபோது நானே போய் விலை பேசி, ட்ரக்டரில் ஏற்றி இங்கே எத்தாளைக்குக் கொண்டுவந்தது. பச்சையும் மஞ்சளும் நானே பூசினேன். அவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். “கலியாண ஊடு மாதிரி இரிக்கி.” அதோடு சரி. பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஜூலை 9, புதன்

காற்று. கீரி மீன் ஆணம், உப்புக் குறைவு. சொன்னேன். ஃபஸ்னாவுக்கு முகம் சரியில்லை.

நேற்றுக் கட்டிலில் இடம் மாறிப் படுத்தேன். கலியாணம் செய்த நாளிலிருந்து ஜன்னல் பக்கம் அவர், சுவர்ப் பக்கம் நான். ஒரு தரம் மாற்றிக் கேட்டேன். “எனக்குக் காத்து வேணும்” என்றார். எனக்கு வேண்டாமாக்கும்.

மெத்தையில் அவர் படுத்த பள்ளம். உருண்டு உருண்டு அதற்குள்ளேயே போனேன்.

சுபஹு தொழுதுவிட்டுச் சும்மா படுத்திருந்தேன். அந்த நேரம் நான் படுத்ததே இல்லை, எப்போதும் குசினி அடுப்படி. போர்வையின் மேல்மூலை திரும்பவும் கழன்றிருந்தது. களப்புத் தண்ணீருக்கு மேலே சூரியன் ஏறியதும் பலகையின் துளைகளால் வெளிச்சம் எதிர்ச் சுவருக்கு வந்தது. கொடி. இலை. மாதுளம்பூ ஒன்று. மரத்தில் இருப்பதைவிடப் பெரிது. மெல்ல மெல்லச் சுவரில் இறங்கி, கோணலாகி, போய்விட்டது.

என் பழைய பக்கத்தில் படுத்தும் பார்த்தேன். அலுமாரி மறைக்கிறது. அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

தொழுதுவிட்டு அவர் திரும்பப் படுக்கப் போவார். சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஃபஸ்னா புத்தளம் போய்த் துணித் துண்டுகள் கொண்டுவந்தாள். பாலாவியில் பஸ் மாறி, லொறிப் புழுதியில் குளித்து வந்தாள் பிள்ளை. தேத்தண்ணி நானே ஊற்றிக் கொடுத்தேன். நேற்றைய ஆணத்துக்கும் சேர்த்து.

சாம்பல் நிறம், தடிப்பு, பின்புறம் ரப்பர் பூச்சு. மழைக்கோட்டு மணம். பல்புக்கு நேரே பிடித்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கபுறுக் குழிக்குப் போட நல்லது.

மண்ணிறப் பருத்தி. கழுவினால் சுருங்கும். ஆள் நல்லது.

வெள்ளை வலைத்துணி. ஊதினாலே ஆடும்.

பிறகு கடைக்காரருடன் போனில் வீடியோ. நான் படாமல் ஃபஸ்னா போனை ஜன்னலுக்குத் திருப்பிப் பிடித்தாள். நான் கட்டிலில் இருந்தபடியே கேட்டேன்.

“வெளிச்சம் வரணும், ஆள் தெரியப்படா. அப்பிடித் துணி இரிக்கா?”

“பகலுக்கா உம்மா, ராவைக்கா?”

“ரெண்டுக்கும்.”

“அப்பிடித் துணி இன்னும் நெய்யல்ல உம்மா. ரப்பர் போட்டதத்தான் எல்லாரும் எடுக்கிற. குஞ்சம் வச்சுத் தாறன்.”

வாசலில் மதினி. “அந்நிய ஆம்புளையோட கதை என்ன?”

“மதினி, துணிக் கதை.”

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ. வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்துப் பரீட்சை. களப்புப் பக்க ஜன்னலில் வலைத்துணியைக் குத்தினேன். ஃபஸ்னா வெளியே, கிணற்றடியில்.

“உம்மா, கைய ஆட்டுங்க!”

“ஆட்டிக்கிட்டுத்தான் இரிக்கன்!”

“காணல்ல!”

எனக்கோ எல்லாம் தெரிகிறது. கோழி. களப்புக்கு மேலே வெள்ளைக்காரர் விடும் பெரிய பட்டங்கள், ஒன்று சிவப்பு. வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் மதினியின் தலை. சந்தோஷம்.

மஃரிப் தொழுது, இருட்டிய பிறகு பல்பைப் போட்டதும் வெளியிலிருந்து கத்தல். “உம்மா, லைட்ட நூருங்க! மீன் தொட்டி மாதிரி இரிக்கி! மூக்குக் கண்ணாடிகூடத் தெரியுது!”

பல்பை நூர்த்தேன், மறைந்தேன். போட்டேன், தெரிந்தேன். ஆறேழு தரம் செய்தோம். ஃபஸ்னாவுக்கு நுளம்புக் கடி. ஆகவே: எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ அந்தப் பக்கத்து ஆள் மற்றவருக்குத் தெரியும். கடைக்காரர் இவ்வளவு காலம் துணி விற்று இதைச் சொல்லவில்லை.

முடிவு. களப்புப் பக்கம் பகலுக்கு வலை, ராவுக்கு அதன்மேல் பருத்தி. ஒழுங்கைப் பக்கம் எந்த நேரமும் பருத்தி, ஆட்கள் போய்வருகிற இடம். களப்புப் பக்கத்து இரண்டு துணியும் பூப்பலகைக்குக் கீழே. பலகை ஆள் உயரத்துக்கு மேலே, அதனால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ரப்பர் வேண்டாம். குஞ்சம் வேண்டவே வேண்டாம்.

ஜூலை 12, சனி

இடுப்பு வலி. சித்தாலேப பாம் தேய்த்தேன்.

போர்வையைக் கழற்றி அளவெடுத்தோம். பலகைக்குச் சரியாகக் கீழே, சட்டத்தில் இரண்டு பித்தளைக் கொக்கி. பழைய திரையை அவர் நைலோன் கயிற்றில் கட்டிய இடம். மௌத்து வீட்டு அவசரத்தில் யாரோ அந்தத் திரையை இழுத்துப் போட்டுவிட்டுப் போர்வை அடித்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு நோன்புக்கும் அதைக் கழுவிக் கொடுத்துச் சொல்வேன், மேலே தூக்கிக் கட்டுங்கள், நாலு பேர் வந்தால் பார்க்க அரைகுறையாக இருக்கிறது என்று. “ஓம் ஓம்” என்பார். திரும்ப அதே கொக்கி. வருடா வருடம் சண்டை.

இப்போது விளங்குகிறது, பலகையை மூடாமல் இருக்கத்தான். எனக்குக் கோபம்தான் வருகிறது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

ஜூலை 13, ஞாயிறு

கம்பி பூட்டும் நாள். ரிஸ்வான் ட்ரில் மெஷினோடு வந்தான். பென்சில் கோடு கூரையோரம். மதினி சொல்லிப் போடவைத்தது.

கதிரையை இழுத்து ஜன்னலுக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். ஏணி வைக்க இடமில்லை.

“உம்மா, எழும்புங்க.”

“கொக்கி இரிக்கிற இடத்தில பூட்டு. எழும்புறன்.”

“மாமி சொன்னது...”

“மாமிட இத்தா வந்தா மாமி சொல்லட்டும்.”

ஃபஸ்னா மௌலவியின் மனைவிக்குப் போன் போட்டாள். பார்வையிலிருந்து மறைந்தால் போதுமாம். இருட்டில் இருக்க வேண்டியதில்லையாம். பூ கொத்திய மரத்தை மூடச் சொல்லி எங்கும் இல்லையாம்.

“மௌலவிட பொஞ்சாதி நேத்து வந்த புள்ள” என்றார் வாசலில் நின்ற மதினி.

“நானும் வாசிச்சன் மதினி. அப்பிடி ஒண்டும் இல்ல.”

“நீ மூணாம் வகுப்பு.”

ஓம், மூன்றாம் வகுப்பு. மிச்சம் சாமான் சுற்றி வந்த பேப்பரில் நானே படித்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இல்லாததை வாசிக்க மாட்டேன்.

பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். நான் அசையவில்லை. ரிஸ்வானுக்குப் பசி. கொக்கி இருந்த இடத்திலேயே பூட்டினான். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. துணைக்குப் படுக்கிறாராம். இரவு நான் இஷா தொழுது முடிப்பதற்குள் ஜன்னல் பக்கத்தைப் பிடித்துப் படுத்துவிட்டார். முழங்கால் வருத்தக்காரரை எழுப்ப முடியுமா?

ஜூலை 14, திங்கள்

காற்றுக் குறைவு. சுபஹு தொழுதுவிட்டு மதினி திரும்பப் படுத்தார். நான் அலுமாரிப் பக்கம்.

சூரியன் ஏறியது. தஸ்பீஹ் உருட்டும் சத்தம் நின்றது. எனக்கு அலுமாரியின் முதுகுதான் தெரிந்தது.

மதினி கேட்டார், “இதுதானா புள்ள அது?”

“எது?”

“சுவர்ல மாதுளம்பூ இறங்குது, வந்து பாருங்க தாத்தா எண்டு தம்பி எத்தின தரம் சொன்னான். இவனுக்குக் கண்ணில வருத்தமாக்கும் எண்டு நான் துவா கேட்டன்.”

தாத்தா என்று கூப்பிடும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை தரமோ. பலகையை ட்ரக்டரில் ஏற்றி வந்தவளிடம் ஒரு தரமாவது சொல்லவில்லை.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கும் துணைக்கு வரவா என்று கேட்டார். வரட்டும். ஜன்னல் பக்கம் நான்.