லெப்ட் கார்னரைப் பற்றி நான் சொன்னது

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. காப்பி. எழுத உட்கார்ந்தேன்.

முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது: தினமும் அரைப் பக்கம், எதுவானாலும், யாருக்கும் காட்ட வேண்டாம். நீளமான பேரைச் சுருக்கலாம் என்றும் சொன்னார். விழுப்புரம், வி.புரம். திண்டிவனம், தி.வனம். ஒரு புள்ளி வைத்தால் அத்தனை பெரிய ஊர் உள்ளே போய்விடுகிறது. இதை இந்த வயசில் கற்றுக்கொண்டதில் ரொம்ப சந்தோஷம்.

சேகர் மாஸ்டர் போன், சென்னையிலிருந்து.

"அண்ணே, திண்டிவனம் காலேஜ்ல ஒரு லெப்ட் கார்னர் இருக்கானாம். அருள்ராஜ்னு பேரு. நாளைக்கு அங்க காலேஜ் மேட்ச் ஆரம்பம். ஒரு பார்வை பார்த்துட்டு வாங்களேன்."

"போறேன் மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு பெரிய கபடி டீமுக்கு ஆள் பார்க்கிறவர். டி.வி.யில் வருகிற ஆட்டம், ஏலத்தில் ஆளை எடுப்பார்கள். அதற்கு முன்னால் புதுப் பையன்களுக்கு ஒரு கேம்ப். அந்தக் கேம்புக்கு மாஸ்டர் பேர் கொடுப்பார். இந்தப் பக்கத்துப் பையன் என்றால் என்னைக் கேட்பார். நான் கபடி பாடிப் போன காலத்தில் அவர் எங்கள் டீமில் சின்ன ஆள். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கி ஓய்ந்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை.

கார்னரிடம் (ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவன்) பார்க்க வேண்டியது:
கால். குதிகாலில் நிற்கிறானா, முன்னங்காலிலா.
கண். பாடி வருபவனின் முகத்தைப் பார்க்கிறானா, இடுப்பையா. (இடுப்பைப் பார்க்க வேண்டும்.)
பக்கத்து ஆளின் கையை விடாமல் பிடிக்கிறானா.
அவசரம். இது இருந்தால் மற்றது எதுவும் உதவாது.

மருமகள் தேவி எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா, கலெக்டருக்கு மனுவா?" மூடிவிட்டேன்.

13, வெள்ளி

பஸ்ஸில் ஜன்னல் சீட். வழியெல்லாம் போர்டு படித்தேன். விக்கிரவாண்டி. கூட்டேரிப்பட்டு. பஞ்சர் ஒட்டப்படும். இங்கே சிறுநீர் கழிக்காதீர். இத்தனை வருஷம் இதெல்லாம் எழுதியிருந்தது, எனக்குத்தான் தெரியாது. யாரையும் கேட்காமல் தி.வனத்தில் இறங்கினேன்.

காலேஜ் மைதானத்தில் பந்தல், ஆட ரப்பர் மேட் விரித்திருந்தார்கள். பி.டி. சார் நாற்காலி போட்டார். துண்டு போர்த்தினார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். ஆட்டம் தொடங்கும் முன் பழைய ஆட்டக்காரர் ஒருவர் ஒரு முறை பாடிப் போய் வருவார். எதிரே ஏழு பேரும் சும்மா நிற்பார்கள். ஆளுக்கு ஒரு தொடு, திரும்பி வந்தால் கைதட்டு. யாரும் பிடிப்பதில்லை. என்னைப் போகச் சொன்னார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த அருள்ராஜ் பிடித்துவிட்டான். கணுக்காலை. குப்புற விழுந்தேன். மைதானமே சிரித்தது. பொம்பளைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ரொம்பச் சிரிப்பு.

பெரியவர்களைப் பிடிக்கக் கூடாது என்று தெரியாத பிள்ளை.

அப்புறம் ஆட்டம் பார்த்தேன். சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மாஸ்டர்: "எப்படிண்ணே பையன்?"

"ஆட்டம் இருக்கு. அடக்கம் இல்ல. அவசரக்காரன். கேம்புக்கெல்லாம் வேணாம் மாஸ்டர்."

"சரிண்ணே. நீங்க சொன்னா முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நினைக்கவில்லை.

14, சனி

பனி இல்லை. பால் பாக்கெட் ஓட்டை.

தேவி போனை நீட்டினாள். "மாமா, உங்க வீடியோ சுத்திக்கினு இருக்கு. எங்க கடைப் பொண்ணுங்க எல்லாம் பார்த்துட்டாங்க." நான் விழுவது. கீழே ஏதோ பாட்டு போட்டு விட்டிருக்கிறார்கள். அழித்துவிடு என்றேன். "நான் அழிச்சா ஊர்ல அழிஞ்சிடுமா?" என்றாள். ஆனால் அழித்தாள்.

டீக்கடையில் முனுசாமி. சின்ன வயசில் என்னோடு ஆடியவன், வாய் மட்டும் இன்னும் ஆடுகிறது. "இன்னாய்யா கோவிந்தா, திண்டிவனத்துல நிலம் வாங்கப்போறியா? மூஞ்சியாலயே அளந்துட்டு வந்தியாமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. சிராய்ப்பு இல்லை. இந்த வயசில் மேட் மேல் குப்புற விழுந்தவனுக்கு முட்டியாவது தேய்ந்திருக்க வேண்டும்.

மாலையில் முனுசாமியிடமே போனை வாங்கி மறுபடி பார்த்தேன். மூன்று தடவை. அந்தப் பையன் கணுக்காலைப் பிடித்ததும் மற்ற கை என் இடுப்புக்குப் போகிறது. தோளை எனக்கு அடியில் கொடுத்திருக்கிறான். நான் தரையில் விழவில்லை, அவன் மேல் விழுந்திருக்கிறேன். திரும்புகிற காலைப் பார்த்துப் பிடித்திருக்கிறான். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறான்.

இப்படி ஒரு பிடியை நான் பார்த்து எத்தனை வருஷம். என் காலிலேயே விழுந்தது.

15, ஞாயிறு

இன்று எழுத மனசில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். அது உண்மை இல்லை. எழுத்துக்கூட்டி எழுதினதெல்லாம் சரி. ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஏழு பேரையும் தொட்டு முடித்ததும் நான் திரும்பவில்லை. கைதட்டினார்கள், அது நன்றாக இருந்தது. உள்ளேயே நின்று பாடினேன். அந்தப் பையன் எதிரில் போய்த் தொடையைத் தட்டினேன். "பிடிடா பார்க்கலாம்" என்றேன். அவன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் வேண்டாம் என்று தலையாட்டினான். பையன் கையைக் கட்டிக்கொண்டான். நான் மறுபடியும், "இன்னாடா, கை கட்டிக்கினு நிக்கறே, இன்னும் உங்கம்மா சோறு ஊட்டிவிடறாளா?" என்றேன்.

அப்புறம்தான் பிடித்தான்.

நான் சொன்னது அவனுக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும்தான் கேட்டிருக்கும். வீடியோவிலும் பாட்டுதான்.

அறுபத்தெட்டு வயசில் எழுதப் படித்தேன். எழுத வந்ததும் எனக்கே பொய் எழுதி வைத்துக்கொண்டேன். டீச்சர் பார்த்திருந்தால் 'நல்லா எழுதியிருக்கீங்க ஐயா' என்று சொல்லியிருப்பார்.

மாஸ்டருக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நல்லதாகப் போயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

16, திங்கள்

தி.வனம். காலேஜில் இன்று அரையிறுதி. பையனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

பையன் பெஞ்சில். டிரஸ்கூட மாற்றவில்லை.

பி.டி. சார் ஓடி வந்தார். "உங்களை அவமானப்படுத்தினவன் என் டீம்ல ஆடக் கூடாதுய்யா. மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் யோசிக்கறேன்னு பெஞ்ச்ல உக்கார வெச்சிட்டேன். நீங்களே வந்துட்டீங்க." கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டார்.

பின்னாலேயே அவன் அம்மா. சகாயமேரி என்று பேர். வேலைச் சேலை, கழுத்தில் சிலுவைக் கயிறு, கையில் மண். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஐயா, மனசுல வெச்சுக்காதீங்க. அப்பா இல்லாத பிள்ளை. இது கடைசி வருஷம். இந்த வருஷம் எவனாவது கூப்பிட்டா கூப்பிட்டதுதான். இல்லேன்னா வானூர்ல சென்ட்ரிங் வேலைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவன் ஆட்டம் அதோட சரி."

பிறகு அவனிடம்: "விழுடா."

விழுந்தான். என் காலை, அதே கணுக்காலை, இரண்டு கையாலும் தொட்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். பி.டி. சார் இருந்தார், டீமே பார்த்தது, அம்மா இருந்தாள். எல்லாரும் கேட்கும்படி சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் என்ன செய்தேன்? அவன் தலையில் கை வைத்தேன். "நல்லா இருப்பா" என்றேன்.

ஆசீர்வாதம் செய்திருக்கிறேன்.

அம்மா கண்ணைத் துடைத்தாள். பி.டி. சார் "பெரிய மனசு" என்றார், ஆனால் இந்தத் தடவை அவனை ஆட விடமாட்டேன் என்றார். அதற்குள் அரையிறுதி தொடங்கிவிட்டது, பையன் பெஞ்சில்தான். டீம் எப்படியோ ஜெயித்தது. பஸ் பிடித்து வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. தேவி, "ஒடம்புக்கு இன்னா மாமா?" என்றாள். வெயில் என்றேன்.

17, செவ்வாய்

காலையில் முதல் வேலை மாஸ்டருக்கு போன். தொடையைத் தட்டினது, அம்மாவைச் சொன்னது, கோபத்தில் பையனை வேண்டாம் என்று சொன்னது, நேற்று ஆசீர்வாதம் செய்தது, பையன் இன்னும் பெஞ்சில் இருப்பது, எல்லாம் சொன்னேன். நடுவில் அவர் ஒரு தடவைகூட "சரிண்ணே" சொல்லவில்லை.

"முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது மாஸ்டர்."

"நான் உங்க கண்ணை நம்பி எத்தினி பசங்களுக்குப் பேர் கொடுத்திருக்கேன். இப்ப அத்தினி பேரையும் திரும்ப யோசிக்க வெச்சிட்டீங்களே."

மற்றவர்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

முனுசாமி போனிலிருந்து அந்த வீடியோவை வாங்கி மாஸ்டருக்கு அனுப்பச் சொன்னேன். தேவி என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரே கூப்பிட்டார்.

"பிடி நல்லாத்தான் கீது. ஆனா எழுபது வயசுக்காரரைப் பிடிச்சதைக் காட்டி எப்படிண்ணே பேர் கொடுக்கறது? சிரிப்பாங்க. நாளைக்கு ஃபைனலுக்கு நானே வர்றேன். அவன் ஆடணும். பெஞ்ச்ல உக்காந்திருந்தான்னா என்னால ஒண்ணும் முடியாது."

18, புதன்

முதல் பஸ்.

பி.டி. சாரிடம் தனியாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பையனைக் காப்பாத்தறதுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க. உங்களை மாதிரி ஆளுங்க இப்ப எங்கய்யா?" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் மரியாதை ஏறிக்கொண்டே போனது. கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் கேப்டனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். கேப்டன் தரையைப் பார்த்தபடி, "ஆமா சார். ரெண்டு தபா சொன்னாரு. அம்மாவையும் இழுத்தாரு" என்றான்.

பி.டி. சார் கும்பிட்ட கையைக் கீழே போட்டார். "டிரஸ் மாத்தச் சொல்லு அவனை" என்றார். 

பையன் ஷூ கட்டிக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்தேன். மாஸ்டரிடம் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அது அவனுக்குத் தெரியாது.

"என்னை வேணாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது வெள்ளிக்கிழமை?"

"ஆமாம்."

"நான் கால்ல விழுந்தது திங்கக்கிழமை."

"ஆமாம்பா."

கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். "எங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க."

ஆடப் போய்விட்டான்.

முதல் பாதி மோசம். வந்தவன் மேலெல்லாம் பாய்ந்தான். பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரன் கையை நீட்டினால் இவன் கையைக் கொடுக்கவில்லை. வெளியே போனான், வந்தான், மறுபடி வெளியே. மாஸ்டர் என் பக்கத்து நாற்காலியில். இடைவேளையில் சொன்னார்: "நீங்க முதல்ல சொன்னதே சரியாப் போச்சுண்ணே. அவசரக்காரன்தான்."

"இல்ல மாஸ்டர். இன்னிக்கு அவன் ஆடறது கபடி இல்ல. ஆட்டத்துக்கு முன்னாடி நான் ஏத்திவிட்டது அது."

"முன்னாடி ஏன் சொன்னீங்க? ஆட்டம் முடிஞ்சு சொல்லக் கூடாதா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. என் பாரம் இறங்கினால் போதும் என்று இருந்திருக்கிறேன்.

இரண்டாம் பாதி. கேப்டன் அவன் காதில் ஏதோ சொன்னான். கையைக் கொடுத்தான். நின்றான். எதிர் டீமின் நல்ல ரெய்டர், பாடி வந்த உயரமான பையன், இந்தப் பக்கம் ஆசை காட்டி அந்தப் பக்கம் திரும்பினான். திரும்பின கால் தரையில் படும் முன்னே இவன் கையில். நான் எழுந்து கத்திவிட்டேன். துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. மாஸ்டர் என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் இன்னும் இரண்டு அதே மாதிரி. ஒன்று அதைவிட நல்லது.

தோற்றார்கள். கொஞ்சத்தில்.

மாஸ்டர் கிளம்பும்போது: "ரெண்டு பாதியும் பார்த்தேன். எது அவன்னு எனக்கே தெரியல. யோசிச்சு திங்கக்கிழமை சொல்றேன்." காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி: "நீங்க எதுவும் சொல்லாதீங்கண்ணே. நானே பார்த்துக்கறேன்."

இனி என்னைக் கேட்கமாட்டார்.

19, வியாழன்

நல்ல வெயில். தேவி கட்டிக் கொடுத்த கேப்பை அடை.

சகாயமேரி ஊர் தி.வனத்திலிருந்து மினி பஸ்ஸில். மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். "இங்கயே சொல்லுங்க, நின்னா என் நிரை பின்னால போயிடும்" என்றாள். அத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவளைப் பற்றிச் சொன்ன வார்த்தையையும்.

களைக்கொத்து நிற்கவில்லை. ஒரு கிழவி மட்டும், "த்தூ" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன்னு ஞாயித்துக்கெழமை பூரா சொல்லிக்கினு இருந்தான். நான் தப்பு பண்ணலம்மா, அவருதான் கூப்பிட்டாருன்னான். நான் நம்பல. பெரியவரு பொய் சொல்ல மாட்டாருன்னு அவனை வெளக்கமாத்தால அடிச்சேன். அவ்ளோ பெரிய பிள்ளை, வாங்கிக்கினு நின்னான்."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கேம்புக்குப் பேரு வந்துச்சா?"

"திங்கக்கிழமை சொல்றேன்னு இருக்காரு மாஸ்டர்."

"வந்தா அவரே போன்ல சொல்லட்டும். வரலேன்னா நீங்க வாங்க. வந்து அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

குனிந்துகொண்டாள்.

சரி என்றேன்.