மீசைக்கு எத்தனை எழுத்து

செவ்வாய், நாள் முழுக்க மழை.

சூப்பர்வைசர் இன்று நான் ஆயாவாக இருக்கும் தேயிலை எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக்குள் வந்து என் கரும்பலகையை அழித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் இங்கிலீஷ் விளையாட்டு அதில் இருந்தது. ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு எழுத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டு வைப்பேன். பிள்ளைகள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பான எழுத்தைச் சொன்னால் கண், காது என்று ஓர் ஆளை வரைந்துகொண்டே போவேன். இன்று மீசை வரை வந்துவிட்டது. சூப்பர்வைசரின் மீசைதான்.

"யாரு மேரி இது?"

"சும்மா ஒரு ஆளு சார்."

"என்ன வார்த்தை?"

வகுப்பில் வாயே திறக்காத ஜெனி எழுந்து, "லீச் சார். ரத்தம் உறிஞ்சுற அட்டை" என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"ஆயா பாலைக் காய்ச்சுனா போதும். இனி இந்த வெளையாட்டு வேண்டாம்."

"சரிங்க சார்" என்றேன்.

ஜெனி வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் திறந்ததே இந்த விளையாட்டில்தான். நான் விடுவதாக இல்லை. பாலும் காயும், கோடும் விழும். நாளைக்கு மீசையையே சொல்லாக வைக்கப்போகிறேன். இங்கிலீஷில் அதற்கு எத்தனை எழுத்து என்று நாலாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரியாது. காலையில் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.